ரீமேக் கேமுக்கு முழு விலை கொடுக்கலாமா?

பழைய கேம் ஒன்று ரீமேக்காக வரப்போகிறது என்று அறிவித்த அன்றே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. "கதை அதே, ஆட்கள் அதே, முடிவும் அதே, அப்புறம் எதுக்கு 70 டாலர்?" என்று ஒரு தரப்பு. "எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறார்கள், புது கேமுக்கு என்ன விலையோ அதைத்தான் வாங்குவார்கள்" என்று இன்னொரு தரப்பு. புதிதாக எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இருவருக்கும் கேள்வி. ஆனால் அதை அளக்க இருவரும் எடுப்பது ஒரே அளவுகோல்தான்: எத்தனை மணி நேரம் கூடியிருக்கிறது, எத்தனை மிஷன் சேர்ந்திருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் மிக நல்ல ரீமேக்குகள் சில தோற்றுப்போகும், சுமாரானவை ஜெயித்துவிடும்.

நான் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பேன். பழைய கேமில் எவ்வளவு ஆழம் வரைக்கும் கை வைத்திருக்கிறார்கள்? அதிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் விலை சரியா இல்லையா என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். அதற்கு, ஒரு ரீமேக்கில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கேம் செய்யும் தொழில் தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதுகிறேன்.

மூன்று வேலை, மூன்று ஆழம்

ஊரில் தாத்தா காலத்து வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். அதைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, கரன்ட்டும் தண்ணீரும் இழுத்துக் குடியிருக்கும்படி செய்வது ஒரு வேலை. சுவர், தூண் எதையும் தொடாமல் பூச்சு வேலை பார்த்து, டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடிப்பது இரண்டாவது வேலை. வீட்டை மொத்தமாக இடித்துவிட்டு, அதே மனையில், அதே திண்ணையும் அதே முற்றமும் வரும்படி புதிதாகக் கட்டி எழுப்புவது மூன்றாவது. மூன்றுக்குப் பிறகும் சொந்தக்காரர்கள் "நம்ம பழைய வீடு" என்றுதான் சொல்வார்கள், ஆனால் செலவும் உழைப்பும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட வராது.

கேமிலும் இதே மூன்றுதான். பழைய கேமைப் புது கன்சோலிலோ கணினியிலோ ஓடும்படி செய்வது போர்ட். அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, படத்தையும் ஒலியையும் மட்டும் மெருகேற்றுவது ரீமாஸ்டர். பழையதை மாதிரியாக வைத்துக்கொண்டு கேமைப் புதிதாகச் செய்வது ரீமேக்.

சிக்கல் என்னவென்றால், அட்டையில் என்ன பெயர் போடலாம் என்பதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. ரீமாஸ்டர் என்ற பெயரில் பாதி ரீமேக் வருகிறது. ரீமேக் விலையில் பெயின்ட் அடித்த வீடும் வருகிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்க்க வேண்டியிருக்கிறது.

திரையில் தெரிவதும் அடியில் ஓடுவதும்

எந்தக் கேமை எடுத்தாலும் பெரிதாக இரண்டு பகுதி உண்டு. ஒன்று நாம் பார்ப்பது, கேட்பது: ஆட்களின் உருவம், வெளிச்சம், இசை, சுவரிலும் துணியிலும் தோலிலும் போர்த்தியிருக்கும் படங்கள். இந்தப் போர்வைப் படங்களுக்குத்தான் டெக்ஸ்சர் என்று பெயர். இன்னொன்று விதிகள். குண்டு பட்டால் எவ்வளவு உயிர் குறையும், எதிரி எவ்வளவு தூரத்திலிருந்து நம்மைக் கவனிப்பான், எந்தச் சுவரில் முட்டி நிற்போம், எவ்வளவு உயரம் குதிக்கலாம் என்பதெல்லாம் இதில் வரும். இரண்டையும் சேர்த்து ஓட்டுகிற மென்பொருளை எஞ்சின் என்கிறார்கள்.

இந்த இரண்டும் எவ்வளவு தனித்தனி என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 2011இல் வந்த ஹேலோ: காம்பேட் இவால்வ்ட் ஆனிவர்சரியைப் பாருங்கள். 2001இல் வந்த கேமின் மேல் புதுப் படங்களைப் போர்த்தியிருப்பார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் ஆடிக்கொண்டிருக்கும்போதே பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் மாறலாம். ஆனால் எது எதில் மோதும் என்ற கணக்கைப் போடுவது இன்னமும் பழைய கேம்தான். ஆகவே புதிதாக வரைந்த பாறையின் வடிவம் பழையதோடு ஒத்துப்போகாத இடத்தில், கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத காற்றில் உங்கள் குண்டு முட்டி நிற்கும். 2021இல் வந்த டயாப்லோ 2 ரிசரக்டடும் இதே வகைதான். மேலே முழு முப்பரிமாண உலகம், அடியில் 2000ஆம் ஆண்டின் கணக்கு. அங்கேயும் ஒரே பட்டனில் பழைய தோற்றத்துக்குப் போய்வரலாம். அதற்கு 40 டாலர் வைத்தார்கள். பழைய விதிகளை விரும்பியவர்களுக்கு அதைத் தொடாமல் கொடுத்தது சரியான முடிவு, விலையும் அதற்கேற்ற விலை.

2025 ஏப்ரலில் வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட் இன்னும் ஒரு படி மேலே. 2006இல் வந்த கேமின் பழைய எஞ்சின் விதிகளை ஓட்டுகிறது, திரையில் வரைவதை மட்டும் அன்ரியல் எஞ்சின் 5 பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் காடும் கோட்டையும் இன்றைய கேம்போல் தெரிந்தாலும், ஊர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் அந்த விசித்திரமான பேச்சும் பழைய பிழைகள் பலவும் அப்படியே இருக்கின்றன. கூடவே ஓடுவதற்கு ஒரு பட்டன், லெவல் ஏறும் முறையில் திருத்தம், புதிதாகப் பதிவு செய்த குரல்கள் என்று விதிகளிலும் கொஞ்சம் கை வைத்திருக்கிறார்கள். பழைய விரிவாக்கங்களும் சேர்த்து 50 டாலர். பெயர் ரீமாஸ்டர்தான், ஆனால் ரீமேக் என்று பெயர் வைத்திருந்தாலும் பலர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: படத்தை மட்டும் மாற்றினால் ரீமாஸ்டர் பக்கம், விதிகளையும் திரும்ப எழுதினால் ரீமேக் பக்கம். இடையில் நிறைய படிகள் உண்டு, விலை அந்தப் படிக்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

கேமராவை மட்டும் நகர்த்தினால் போதுமா?

விதிகளைத் திரும்ப எழுதுவது என்றால் என்ன என்று சொல்லிவிட்டுப் போனால் புரியாது. ஒரு கேமை எடுத்துக் கிட்டே போய்ப் பார்ப்போம். கேப்காம் 1998இல் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 2, அதே நிறுவனம் 2019 ஜனவரியில் செய்த அதன் ரீமேக்.

பழைய கேமில் கேமரா அறையின் மூலையில் மாட்டிவைத்தது போல அசையாமல் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. நீங்கள் பார்க்கும் அறை உண்மையில் அறையே இல்லை, முன்கூட்டியே கணினியில் வரைந்து வைத்த ஒரு படம். அந்தப் படத்தின் மேல்தான் நாம் ஆட்டுவிக்கும் லியானும் கிளேரும், எதிரிகளான ஜோம்பிகளும் நடக்கிறார்கள். அன்றைய பிளேஸ்டேஷனால் அவ்வளவு நுணுக்கமான அறையை உடனுக்குடன் வரைய முடியாது என்பதால் கண்டுபிடித்த வழி அது. ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி வரும், அந்த நேரத்தில் அடுத்த அறை டிஸ்க்கிலிருந்து ஏறும். ஒவ்வொரு அறையும் தனித் தீவு. கதவைத் தாண்டிவிட்டால் பின்னால் வந்தது பெரும்பாலும் பின்னாலேயே நின்றுவிடும்.

2019இல் கேமராவை ஆளின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள். கேட்க ஒரே ஒரு மாற்றம்தான். ஆனால் அந்த நொடியே வரைந்த படம் உதவாது, நான்கு பக்கமும் திரும்பிப் பார்க்கக்கூடிய முழு அறையாக, கதை நடக்கும் காவல் நிலையம் மொத்தத்தையும் கட்ட வேண்டும். அடுத்தது குறி. பழையதில் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டால் ஏறக்குறைய பட்டுவிடும், எத்தனை தோட்டா மிச்சம் என்பதுதான் கவலை. புதியதில் நீங்களே குறி பார்க்கலாம், அதாவது எல்லோரும் தலையைப் பார்த்துச் சுடுவார்கள், ஒரே தோட்டாவில் வேலை முடிந்துவிடும், பயம் போய்விடும். அதற்காக ஜோம்பிகளின் தலையைத் தோட்டா தாங்கும்படி ஆக்கினார்கள். எத்தனை தோட்டாவில் விழும் என்று நிச்சயமில்லை, விழுந்தது செத்ததா என்றும் நிச்சயமில்லை. காலைச் சுட்டுத் துண்டித்துவிட்டுத் தாண்டி ஓடலாம், அது பின்னால் தவழ்ந்துகொண்டு வரும். அசையாமல் நின்றால் குறி மெல்ல மெல்லக் குவியும், நடந்துகொண்டே சுட்டால் சிதறும். நின்று சுடுவதா, விட்டு ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் கதவு. அறைகளெல்லாம் ஒரே கட்டடமாக இணைந்துவிட்டதால் ஜோம்பிகள் கதவைத் தள்ளிக்கொண்டு வரும். ஜன்னல் வழியாக உள்ளே நுழையும், அதைத் தடுக்கப் பலகை அடிக்க வேண்டும், பலகையோ எல்லா ஜன்னலுக்கும் போதாது. இதன் மேல், நம்மைத் துரத்தும் ராட்சத எதிரியான மிஸ்டர் எக்ஸ். பழைய கேமில் இரண்டாவது முறை ஆடும்போது மட்டும், குறிப்பிட்ட இடங்களில் வந்துபோகிற ஆள் அவன். புதியதில் முதல் முறையிலேயே கட்டடம் முழுக்கச் சுற்றுகிறான், அவன் காலடி மேல்மாடியில் கேட்கிறதா பக்கத்து நடையில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நீங்கள் சாவி தேட வேண்டும். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் வருவான். ஆகவே ஒரு ஜோம்பியைச் சுடலாமா என்ற சின்ன முடிவுகூடப் பெரிய முடிவாகிவிடுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். இதில் புதுக் கதை எவ்வளவு? கொஞ்சம்தான். புது இடங்கள்? சில உண்டு. மணிக்கணக்கில் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் பழைய கேமை மனப்பாடமாகத் தெரிந்தவரும் இதை முதல்முறை ஆடும்போது எதுவும் தெரியாதவரைப் போல்தான் நடுங்குவார், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த பாடம் இங்கே செல்லாது. புதியது என்று நான் சொல்வது இதைத்தான். வெளிவந்த நாளிலேயே முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது நியாயம்தான் என்று சொல்வேன்.

ஒரே ஒரு விதி

இதே தொடரின் முதல் கேம் 1996இல் வந்தது. 2002இல் கேம்கியூபுக்காக அதை ரீமேக் செய்தபோது சேர்த்த ஒரு விதியைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. கொன்ற ஜோம்பியின் தலை சிதறியிருக்க வேண்டும், அல்லது உடலை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து அதே உடல் சிவந்து, நகம் வளர்ந்து, எழுந்து ஓடிவரும். நடையில் கிடக்கும் ஒவ்வொரு பிணமும் இப்போது ஒரு கடன். மண்ணெண்ணெய் அளவோடுதான் கிடைக்கும், அதை எடுத்துப்போகப் பையில் ஒரு இடம் ஒழிக்க வேண்டும், அந்த இடத்தில் மருந்தோ தோட்டாவோ வைத்திருக்கலாம். எந்த நடையில் அடிக்கடி போவோம், எங்கே எரிப்பது, எங்கே கொல்லாமல் ஒதுங்கிப் போவது என்று கதை நடக்கும் மாளிகை முழுவதையும் வேறு கண்ணால் பார்க்க வேண்டிவருகிறது. சேர்த்தது ஒரே ஒரு விதி, மாறியது கேம் முழுக்க.

மணிக்கணக்கு எங்கே ஏமாற்றுகிறது

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஃபைனல் ஃபேன்டஸி 7. 1997இல் மூன்று டிஸ்க்கில் வந்த மூலக் கேமில், மிட்கார் என்ற நகரத்தில் நடக்கும் தொடக்கப் பகுதியை ஐந்தாறு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். 2020 ஏப்ரலில் வந்த ரீமேக் அந்த நகரத்தோடு முடிந்துவிடுகிறது, அதற்கே முப்பது நாற்பது மணி நேரம் ஆகும். 2024 பிப்ரவரியில் இரண்டாம் பாகமான ரீபர்த் வந்தது, மூன்றாம் பாகத்தில்தான் கதை முடியும். முதல் பாகம் 60 டாலர், இரண்டாவது 70. ஆக, ஒரு பழைய கேமின் முழுக் கதையைப் பார்க்க மூன்று முறை பணம் கொடுக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை இதைவிடத் தாராளமான ரீமேக் இருக்க முடியாது. சண்டை முறையை அடியோடு மாற்றியிருக்கிறார்கள், முன்பு இரண்டு வரி வசனத்தோடு போன துணைப் பாத்திரங்களுக்கு முகமும் வாழ்க்கையும் கொடுத்திருக்கிறார்கள், அது அருமையான வேலை. ஆனால் நீளத்துக்காகச் சேர்த்த பகுதிகளும் உண்டு. தொலைந்த பூனைகளைத் தேடும் துணை வேலை, மெதுவாக நடக்க வைக்கும் குறுகலான வழிகள், ஒரே சுரங்கப் பாதைக்குத் திரும்பவும் போக வைப்பது. இவையும் கூடுதல் மணி நேரமாகத்தான் கணக்கில் வருகின்றன. "40 மணி நேரம் இருக்கு, காசுக்கு மோசமில்லை" என்று சொல்பவர்கள் இதையும் எண்ணித்தான் சொல்கிறார்கள்.

டெட் ஸ்பேஸ் பக்கம் வாருங்கள். 2008இல் வந்தது, 2023 ஜனவரியில் ரீமேக். நீளம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அத்தியாயம் அத்தியாயமாகத் துண்டுபட்டிருந்த விண்கப்பல் இப்போது முழுக்க நடந்து திரியக்கூடிய ஒரே கப்பல். மூலத்தில் வாயே திறக்காத கதாநாயகன் ஐசக் இதில் பேசுகிறார். ஈர்ப்பு விசை இல்லாத இடங்களில் முன்பு ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாவத்தான் முடியும், இப்போது நினைத்த திசையில் மிதந்து போகலாம். நீளத்தைக் கூட்டாமலே கேமை வளர்த்திருக்கிறார்கள், எனக்கு இதுதான் பிடித்த வழி.

சேர்க்காமல் விடுவதும் சில நேரம் சரியான முடிவு. 2009இல் வந்த டெமன்ஸ் சோல்ஸ் கேமில் ஐந்து உலகங்களுக்குப் போகலாம், ஆறாவது வாசல் உடைந்து கிடக்கும். 2020 ரீமேக்கில் அந்த ஆறாவது உலகத்தைச் செய்துவிடுவார்கள் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள், ப்ளூபாயின்ட் நிறுவனம் அதை உடைந்தபடியே விட்டுவிட்டது. பலருக்கு ஏமாற்றம். மூலத்தைச் செய்தவர்களின் கையில்லாமல் வேறொருவர் அதில் ஒரு உலகத்தை ஒட்டியிருந்தால் அது கடைசிவரை ஒட்டாமலே நின்றிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சுருக்கமாக, கூடுதல் மணி நேரம் என்பது நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எடுத்துவிட்டதை யாரும் எண்ணுவதில்லை

புதிதாக என்ன என்று பட்டியல் போடும் விளம்பரம், என்ன இல்லை என்று ஒருபோதும் சொல்லாது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்.

ரெசிடென்ட் ஈவில் 3ஐப் பாருங்கள். 1999இல் மூலம், 2020 ஏப்ரலில் ரீமேக், விலை 60 டாலர். மூலத்தில் ஒரு முழுப் பகுதியாக இருந்த மணிக்கூண்டு ரீமேக்கில் வெளிப்புறத்தோடு சரி, உள்ளே போக முடியாது. பூங்காப் பகுதி இல்லை. நெருக்கடியான நேரத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதனால் கதைப் பாதை மாறும் முறை இல்லை. கதையை முடித்தவர்களுக்குக் கிடைத்த மெர்சனரீஸ் ஆட்டமும் இல்லை. கூடவே ரெசிஸ்டன்ஸ் என்ற இணைய ஆட்டம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள், ஆனால் கதை முழுக்கத் துரத்தும் நெமசிஸ் என்ற அரக்கனிடமிருந்து தப்பி ஓட வந்தவருக்கு அது ஈடாகாது. படமும் சண்டையும் முதல்தரம், விதிகளும் புதிதாக எழுதப்பட்டவைதான். இருந்தாலும் மூலத்தைவிடச் சிறியதாகிப்போன ரீமேக்குக்கு முழு விலை கேட்டது சரியில்லை.

எடுத்ததைத் தனியாக விற்பது இன்னொரு வழி. இதற்கு டிஎல்சி என்று பெயர், அதாவது கேமை வாங்கிய பிறகு தனியாகத் தரவிறக்கும் கூடுதல் பகுதி. பெர்சோனா 3 மூலக் கேம் 2006இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த விரிவான பதிப்பில், கதை முடிந்த பிறகு நடப்பதைச் சொல்லும் 'தி ஆன்சர்' என்ற பின்கதை சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் பெர்சோனா 3 ரீலோட் 70 டாலருக்கு வந்தபோது அந்தப் பின்கதை இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது, 35 டாலர் விரிவாக்கத் தொகுப்பின் ஒரு பகுதியாக. ஆக முழுக் கதைக்கு 105 டாலர். பெண் கதாநாயகியாக ஆடும் வாய்ப்பு 2009இல் கைக்கடக்கக் கன்சோலுக்கு வந்த பதிப்பில் இருந்தது, ரீலோடில் அது எந்த விலைக்கும் கிடையாது.

ரெசிடென்ட் ஈவில் 4 இதில் நடுவில் நிற்கிறது. 2023 மார்ச்சில் வந்த ரீமேக் தாராளமானது, மெர்சனரீஸ் ஆட்டத்தையும் பிறகு இலவசமாகவே சேர்த்தார்கள். ஏடா வாங் என்ற துணைப் பாத்திரத்தின் பக்கத்திலிருந்து நடக்கும் 'செபரேட் வேஸ்' பகுதி மட்டும் செப்டம்பரில் 10 டாலருக்கு வந்தது. 2005இல் பிளேஸ்டேஷன் 2 பதிப்போடு அது சேர்ந்தே வந்த ஒன்று. ஆனால் ரீமேக்கில் அதைப் பல மடங்கு விரித்துப் புதிதாகச் செய்திருப்பதால் அந்த 10 டாலரை நான் குறை சொல்ல மாட்டேன். பெர்சோனா விஷயத்தில் அப்படி என்னால் சொல்ல முடியவில்லை.

"எல்லாம் கையில் இருக்கிறதே, என்ன செலவு?"

இதுவும் அடிக்கடி கேட்கும் வாதம். கதை, வடிவமைப்பு, எது எடுபடும் என்ற அனுபவம், ஏற்கெனவே தெரிந்த பெயர், இவ்வளவும் கையில் இருப்பது உண்மைதான். எல்லாவற்றையும் புதிதாக யோசிக்கும் கேமைவிட இதில் ஆபத்து குறைவு. ஆனால் பொருள் கையில் இருக்கிறது என்பது பல நேரம் உண்மையில்லை.

ஒரு கேமை நிரலாளர்கள் எழுதும் மூல வடிவத்துக்குச் சோர்ஸ் கோட் என்று பெயர். நாம் வாங்கும் டிஸ்க்கில் அது இருக்காது, இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிய வடிவம்தான் இருக்கும். தொண்ணூறுகளில் ஒரு கேம் வெளிவந்துவிட்டால் அந்தக் கோப்புகளைப் பத்திரப்படுத்தும் பழக்கம் பல நிறுவனங்களிடம் இல்லை. 2012இல் சைலன்ட் ஹில் 2, 3 இரண்டையும் எச்டி தொகுப்பாகக் கொண்டுவந்தபோது, கடைசியாக வெளியான வடிவத்தின் சோர்ஸ் கோட் அதை வெளியிட்ட கொனாமி நிறுவனத்திடம் இல்லை. முடிவடையாத வடிவத்தை வைத்து வேலை செய்ததில், என்றைக்கோ சரிசெய்த பிழைகளையெல்லாம் மறுபடி தேடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தக் கேமுக்கு உயிரே மூடுபனிதான், அதுகூடச் சரியாக வரவில்லை. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் கேமை எச்டி ஆக்கியபோதும் மூலப் பொருட்கள் பல தொலைந்துபோயிருந்தன, வெளியான கேமைத் தோண்டித் திரும்பச் செய்தார்கள்.

ஆளைக் குறைத்து வேலையை இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நவம்பரில் வந்த ஜிடிஏ ட்ரிலஜி சாட்சி. பழைய டெக்ஸ்சர்களைப் பெரும்பாலும் மென்பொருளை வைத்துப் பெரிதாக்கியதில் கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள் வந்தன, மழை பெய்தால் வெள்ளைக் கோடுகள் திரையை மறைத்தன. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மூன்று கேம் 60 டாலர் என்பது கணக்கில் மலிவுதான். அந்த நிலையில் அதற்கும் தகுதியில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு எவ்வளவு செலவானது என்பது ஏன் இந்த விலை என்று விளக்கும். நாம் அந்த விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதற்கு அது பதில் ஆகாது. அந்தப் பதில் நாம் யார் என்பதில் இருக்கிறது.

யாருக்கு என்ன விலை

தி லாஸ்ட் ஆஃப் அஸ் இதற்குச் சரியான உதாரணம். 2013இல் பிளேஸ்டேஷன் 3, அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷன் 4க்கு ரீமாஸ்டர், 2022 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்குப் பார்ட் 1 என்ற பெயரில் ரீமேக். 70 டாலர், இங்கே 4,999 ரூபாய். ஒவ்வொரு முகமும் தெருவும் புதிதாக உருவாக்கப்பட்டவை, எதிரிகள் கொஞ்சம் புத்திசாலிகள் ஆகியிருக்கிறார்கள். ஆனால் கட்டடங்களின் அமைப்பு, நடிகர்களின் நடிப்புப் பதிவு, சண்டையின் அடிப்படை எல்லாம் பழையதுதான். இரண்டாம் பாகத்தில் வந்த, அடியிலிருந்து விலகித் தப்பும் அசைவைக்கூடக் கொண்டுவரவில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடிய ஃபாக்ஷன்ஸ் ஆட்டமும் இல்லை. ரீமாஸ்டரை ஏற்கெனவே வாங்கியவருக்குத் தள்ளுபடியும் கிடையாது.

முதல்முறை ஆடுபவருக்கு இது மிக நல்ல வடிவம். கண் தெரியாதவர்களுக்காகக் காட்சிகளை விவரிக்கும் குரல் இதில் சேர்ந்திருக்கிறது, அவர்களில் பலருக்கு இந்தக் கதை முழுதாகக் கிடைப்பதே இப்போதுதான், அதைவிடப் புதிது வேறென்ன இருக்க முடியும்? ஆனால் 2014 பதிப்பை வைத்திருக்கும் ஒருவரிடம் அதே 4,999 ரூபாயைக் கேட்பதில் நியாயம் இல்லை. இந்த வித்தியாசம் சோனிக்குத் தெரியாமலும் இல்லை, ஏனென்றால் 2024 ஜனவரியில் இரண்டாம் பாகத்தின் ரீமாஸ்டர் 50 டாலருக்கு வந்தபோது, பழையதை வைத்திருந்தவர்களுக்கு 10 டாலரில் மாற்றிக் கொடுத்தார்கள். அதுதான் சரியான வழி, முதல் பாகத்துக்கும் அதையே செய்திருக்க வேண்டும்.

அடுத்து, மூலக் கேம் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1998இன் ரெசிடென்ட் ஈவில் 2 இப்போது கணினியில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, 1997இன் ஃபைனல் ஃபேன்டஸி 7ம் அப்படித்தான். பழையதும் கடையில் இருந்தால் ரீமேக் என்பது நாம் விரும்பி எடுக்கும் தேர்வு. பழையதை எடுத்துவிட்டால் அது கட்டாயம். 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் வந்தபோது, 2002இன் கேமை வைத்திருந்தவர்களின் கேமும் புது மென்பொருளுக்கு மாற்றப்பட்டது, பழையதில் இருந்த வசதிகள் சில அதில் இல்லை. கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வில் சொன்னது. அந்த நிலையில் இருப்பதையும் எடுத்துவிட்டு அதன் இடத்தில் ரீமேக்கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வாங்குவதா வேண்டாமா?

வாங்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வீடியோ ஒன்றைப் பாருங்கள், ஆனால் முகத்தையும் வெளிச்சத்தையும் பார்க்காதீர்கள். ஆள் எப்படி நகர்கிறார், கேமரா எங்கே நிற்கிறது, எதிரி என்ன செய்கிறான் என்று பாருங்கள். இரண்டிலும் அதே அசைவு, அதே இடம், அதே பதில் என்றால் அது பெயின்ட் வேலை, பெயர் எதுவாக இருந்தாலும். 2004இல் வந்த கேமின் ரீமேக்காக 2025 ஆகஸ்டில் 70 டாலருக்கு வந்த மெட்டல் கியர் சாலிட் டெல்டாவைப் பாருங்கள். காடும் சேறும் காயத் தழும்பும் கண்ணைப் பறிக்கும், தோளுக்குப் பின்னாலிருந்து ஆடும் முறையும் உண்டு. ஆனால் 2004இன் குரல் பதிவுகள், 2004இன் நில அமைப்பு, பகுதிக்குப் பகுதி திரை மறைந்து ஏறும் அதே முறை. மூலத்தின் மேல் அவ்வளவு மரியாதை வைத்துச் செய்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன், ஆனால் 70 டாலர் அதிகம்.

டெட் ஸ்பேஸும் ரெசிடென்ட் ஈவில் 2, 4ம் மூலத்தை ஆடியவர்கள், ஆடாதவர்கள் இருவருமே தயங்காமல் வாங்கலாம். இப்போது அடிக்கடி தள்ளுபடியிலும் வருகின்றன. ரெசிடென்ட் ஈவில் 3ஐத் தள்ளுபடியில் மட்டும் வாங்குங்கள், நல்ல மழை நாள் ஒன்றில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். லாஸ்ட் ஆஃப் அஸ் முதல்முறை என்றால் பார்ட் 1தான், 2014 பதிப்பு கையில் இருந்தால் அதையே ஆடுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ வாங்கும் முன் பழையதைக் குறைந்த விலைக்கு எடுத்து மிட்காரைத் தாண்டும் வரை ஆடிப் பாருங்கள். அந்த ஆட்களோடு இன்னும் நாற்பது மணி நேரம் இருக்கத் தோன்றினால் ரீமேக்கின் முதல் பாகத்துக்குப் போகலாம், கதை மட்டும் தெரிந்தால் போதும் என்று தோன்றினால் பழையதையே முடித்துவிடலாம், அதில் முழுக் கதையும் இருக்கிறது.